மேல்முறையீட்டுக்கு கோர்ட் ஃபீஸ் கட்டப் பணம் இல்லையா? தமிழ்நாட்டில் இருக்கும் வழிகள்

கீழ்க் கோர்ட்டில் சிவில் வழக்கு தோற்றுவிட்டது. அப்பீல் போகலாம், நல்ல பாயிண்ட் இருக்கிறது என்கிறார் வக்கீல். அடுத்த வாக்கியத்தில் ஒரு தொகையைச் சொல்கிறார். அது அவருடைய ஃபீஸ் இல்லை, அரசுக்குக் கட்டவேண்டிய நீதிமன்றக் கட்டணம். முதல் வழக்கிலேயே நகையை அடகு வைத்தவர்கள் அந்த இடத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கட்ட முடியாதவர்களுக்கென்று சட்டத்தில் வழி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அல்லது நாள் கடந்த பிறகு சொல்கிறார்கள்.

வழி இரண்டு. ஒன்று, சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கட்டணத்தையும் வக்கீலையும் பெறுவது. இன்னொன்று, உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 44-ன்படி, வறியவராக மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்பது. கோர்ட் வட்டாரத்தில் இதை இன்னும் ‘பாப்பர் மனு’ என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் இங்கே பார்ப்போம். ஆனால் எந்த வழியில் போனாலும் காலக்கெடுதான் முதல் எதிரி, எதிர்த்தரப்புக்காரர் இரண்டாவதுதான். அதனால் நாள் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தொகை சரியா என்று பாருங்கள்

தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டம் 1955-ல் வந்தது. அதன் 52-வது பிரிவுப்படி, மேல்முறையீட்டில் எது பிரச்சினையோ அதற்கு முதல் கோர்ட்டில் என்ன கட்டணமோ, அதே கட்டணம்தான் அப்பீலுக்கும். பண மதிப்பின் மேல் சதவீதமாகக் கணக்கிடும் வழக்குகளில் முன்பு 7.5 சதவீதம் இருந்தது. 2017-ல் அதை 3 சதவீதமாகக் குறைத்தார்கள். 10 லட்சம் ரூபாய் கேட்டுப் போட்ட வழக்கு முழுக்கத் தள்ளுபடியானால் அப்பீலுக்கு 30,000 ரூபாய்.

‘மேல்முறையீட்டில் எது பிரச்சினையோ அதற்கு’ என்பதைக் கவனியுங்கள். 10 லட்சம் கேட்டதில் 6 லட்சத்துக்கு உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, மிச்சம் 4 லட்சத்துக்காக மட்டும் மேலே போகிறீர்கள் என்றால் 12,000 ரூபாய் போதும். முழு வழக்கு மதிப்புக்கும் கணக்குப் போட்டு ஆளைப் பயமுறுத்துவது அடிக்கடி நடக்கும். பாகப்பிரிவினை வழக்கில் சொத்து உங்கள் கூட்டு அனுபவத்தில் இருந்தால் சதவீதக் கணக்கே கிடையாது, நிலையான கட்டணம்தான். வழக்குரையின் (வழக்குப் போடும்போது முதல் கோர்ட்டில் கொடுத்த மனு) கடைசிப் பக்கங்களில் மதிப்பீடும் கட்டணமும் எந்தப் பிரிவின்கீழ் என்று எழுதியிருக்கும். அதை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். தொகை சின்னதாகிவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதியே உங்களுக்குத் தேவைப்படாது.

பணம் வரும், ஆனால் ஒரு மாதம் ஆகும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கு உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 149-வது பிரிவு இருக்கிறது. குறைவாகக் கட்டிய கட்டணத்தைப் பிறகு கட்ட அனுமதிக்கும் அதிகாரத்தை அது கோர்ட்டுக்குத் தருகிறது. காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்டால் பெரும்பாலும் இழுபறி இல்லாமல் முடியும். இதற்காக வறியவர் என்று மனுப் போடவேண்டியதில்லை.

நாள் கணக்கு

தீர்ப்பு சொன்ன அன்றே, முடியாவிட்டால் மறுநாள், தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் (டிகிரி, அதாவது தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் ஆணை) சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போடுங்கள். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் தீர்ப்பு இறங்குகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது படித்துப் பார்க்கத்தான், அப்பீலுடன் வைக்க உதவாது.

காலக்கெடு இப்படி. சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ போகும் சாதாரண அப்பீலுக்கு 30 நாள். வறியவராக அனுமதி கேட்கும் மனுவுக்கும் அதே 30 நாள். சிக்கல் உயர் நீதிமன்றத்தில்தான். அங்கே சாதாரண அப்பீலுக்கு 90 நாள் உண்டு. ஆனால் 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 130-வது இனம், வறியவராக அப்பீல் செய்ய அனுமதி கேட்கும் மனுவுக்கு 60 நாள்தான் தருகிறது. பணம் இல்லாதவருக்கு ஒரு மாதம் குறைவு! ஏன் இப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்து நியாயமான பதில் இல்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது. 90 நாள் இருக்கிறது என்று நம்பி 75-வது நாள் பாப்பர் மனுவுடன் போய் நின்றால், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் அதே சட்டத்தின் 5-வது பிரிவின்கீழ் சேர்த்துப் போட்டாக வேண்டும். அதற்குத் தனி அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்), தனி நோட்டீஸ், தனி வாய்தா.

நகல் வாங்க ஆன காலம் இந்தக் கெடுவில் சேராது. உதாரணமாக ஜூன் 3-ம் தேதி தீர்ப்பு. 10-ம் தேதி நகல் மனுப் போட்டீர்கள், 20-ம் தேதி நகல் தயார். 10 முதல் 20 வரையான 11 நாள் கழியும். 30 நாள் கெடு ஜூலை 3-ல் முடியவேண்டியது, ஜூலை 14 வரை நீளும். 3-லிருந்து 10 வரை நீங்கள் சும்மா இருந்த நாள்கள் உங்கள் கணக்கில்தான். நகலின் கடைசிப் பக்கத்தில் மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கேட்ட தேதி, கட்டிய தேதி, தயாரான தேதி எல்லாம் வரிசையாக இருக்கும். ஸ்டாம்ப் கேட்ட பிறகு நீங்கள் கட்டாமல் தாமதித்தால் அந்த நாள்களும் கழியாது. கடைசி நாள் மே மாதக் கோடை விடுமுறைக்குள் விழுந்தால் கோர்ட் திறக்கும் முதல் நாள் தாக்கல் செய்யலாம். இரண்டாம் நாள் அல்ல.

சட்டப்பணிகள் ஆணைக்குழு: பலருக்கு இதுவே போதும்

என் கருத்தில் முதலில் தட்டவேண்டிய கதவு இது. 1987-ம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு யார் யாருக்கு இலவச உதவி என்று பட்டியல் போடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கு ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, சாதி வன்கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பெண் என்றால் பெண், அவ்வளவுதான். கணவர் சம்பாதிக்கிறாரா, சொந்த வீடு இருக்கிறதா என்பதெல்லாம் தகுதிக்கான கேள்வியே அல்ல. இது தெரியாமல் பாப்பர் மனுப் போட்டு, சொத்துப் பட்டியல் கொடுத்து, குறுக்கு விசாரணையில் நிற்கும் பெண்கள் எத்தனையோ பேர். பட்டியலில் வராத ஆண்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். மாநில அரசு அதை அவ்வப்போது உயர்த்துவதால் மனுக் கொடுக்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானத்துக்கு உங்கள் அபிடவிட்டே போதும் என்கிறது 13-வது பிரிவு.

கிடைக்கும் உதவியில் வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் ஃபீஸ், சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, நகல் செலவு எல்லாம் அடங்கும்.

எங்கே போவது? அப்பீல் எந்தக் கோர்ட்டில் தாக்கலாகுமோ அந்தக் கோர்ட்டுக்கான குழுவிடம். தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப்பணிகள் குழு, மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. உயர் நீதிமன்ற அப்பீல் என்றால் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழு இருக்கிறது. ஊரிலேயே மாவட்டக் குழுவிடம் கொடுத்தாலும் அவர்கள் அனுப்பிவைப்பார்கள், ஆனால் தபாலில் போகும் நாள்களும் உங்கள் 60 நாளில்தான் ஓடும். எங்கே கேட்பது என்றே புரியவில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். தேசியச் சட்டப்பணிகள் ஆணையத்தின் இலவச உதவி எண் அது.

கையில் கொண்டுபோக வேண்டியவை: தீர்ப்பு, தீர்ப்பாணை நகல்கள் (இன்னும் வரவில்லை என்றால் நகல் மனுப் போட்ட ரசீது), ஆதார், சாதிச் சான்றிதழோ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையோ பொருந்துவது, வருமான அபிடவிட். வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாக வரும் வருமானச் சான்றிதழ் இருந்தால் நல்லது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டு அது வரும்வரை மனுவை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஒரு விஷயம். அப்பீலில் மேலோட்டமாகவாவது வலு இருக்கிறதா என்று குழு பார்க்கும். தங்கள் பேனல் வக்கீலிடம் கருத்துக் கேட்பார்கள், அதற்கு நாளாகும். மனுவிலேயே முதல் வரியாக ‘மேல்முறையீட்டுக் கெடு இன்ன தேதியில் முடிகிறது’ என்று எழுதுங்கள். முடிந்தால் சிவப்பு மையில்.

கட்டளை 44 மனு: யார் வறியவர்?

குழு மறுத்துவிட்டது, அல்லது 12-வது பிரிவுக்குள் நீங்கள் வரவில்லை, அல்லது உங்கள் வக்கீலையே வைத்துக்கொண்டு கட்டணத்துக்கு மட்டும் வழி தேடுகிறீர்கள். அப்போது இந்த மனு. வழக்குப் போட்டவருக்கு மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். பணம் கட்டச் சொல்லித் தீர்ப்பான பிரதிவாதியும் கேட்கலாம். அப்பீல் செய்ய உரிமை உள்ள யாரும் கேட்கலாம் என்றுதான் விதி சொல்கிறது.

அந்தக் கட்டணத்தைக் கட்டும் அளவுக்கு வசதி இல்லாதவர்தான் வறியவர். சோற்றுக்கு வழியில்லாதவராக இருக்கவேண்டியதில்லை. 500 ரூபாய் கட்டணத்துக்கு வறியவர் ஆகாதவர் 3 லட்ச ரூபாய் கட்டணத்துக்கு வறியவர் ஆகலாம். கணக்கில் இரண்டை விட்டுவிட வேண்டும். வழக்கில் இருக்கும் சொத்து ஒன்று. ஜப்தி செய்யமுடியாதவை இன்னொன்று. தகராறில் இருக்கும் வீட்டைக் காட்டி ‘உனக்குத்தான் வீடு இருக்கிறதே’ என்று எதிர்த்தரப்பு கேட்கமுடியாது. ஜப்தி செய்யமுடியாதவை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் இருக்கின்றன. உடுதுணி, பாத்திரம் பண்டம், கைத்தொழில் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை, அவர் குடியிருக்கும் வீடு, கூலித் தொழிலாளியின் கூலி, சம்பளத்தில் ஒரு பகுதி, வருங்கால வைப்பு நிதி. மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றிக் கொடுக்கமுடியாத நகையும் அதில் உண்டு, நம் ஊரில் தாலி. மற்ற நகை கணக்கில் வரும்.

2011-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னது. வேலை, ஓய்வூதியம் உட்பட மொத்த வருமானம், வில்லங்கம் இல்லாமல் காசாக்கக்கூடிய சொத்து, தலைக்குமேல் இருக்கும் கடன், குடும்பத்தாரிடமும் நெருங்கிய நண்பர்களிடமும் வாங்கிய பண உதவி எல்லாவற்றையும் பார்க்கலாம். கடனும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். அடகுச் சீட்டு, வங்கி நோட்டீஸ், சுய உதவிக் குழுக் கடன் பாஸ்புத்தகம் இவற்றின் நகல்களைப் பலர் வெட்கப்பட்டுக் கொடுக்காமல் விட்டுவிடுவார்கள். கொடுங்கள்.

தீர்ப்பில் கிடைத்த தொகை கைக்கு வரவில்லை என்றால் அதுவும் வசதியாகாது. குஜராத்திலிருந்து வந்த ஒரு மோட்டார் விபத்து வழக்கில், தீர்ப்பாயம் இழப்பீடு தந்திருக்கிறதே என்று சொல்லி உயர் நீதிமன்றம் வறியவர் மனுவைத் தள்ளியது. காசு இன்னும் அவர் கையில் சேரவில்லை என்று மே 2024-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

மனுவை எழுதுவது, நேரில் நிற்பது

மனுவுடன் அப்பீல் மெமோரண்டம் (அப்பீலுக்கான காரணங்களை எழுதிய மனு), தீர்ப்பு, தீர்ப்பாணை நகல்கள், அபிடவிட், சொத்து விவரப் பட்டியல் ஆகியவை போகவேண்டும். கீழ்க் கோர்ட்டிலேயே வறியவராக அனுமதி பெற்றிருந்தால் வேலை சுலபம். தீர்ப்பாணை நாளுக்குப் பிறகும் நிலைமை மாறவில்லை என்று அபிடவிட் கொடுத்தால் போதும், எதிர்த்தரப்போ அரசு வழக்கறிஞரோ மறுத்தால்தான் விசாரணை. முதல் வழக்கில் முழுக் கட்டணம் கட்டியவர்கள், எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று சொல்லியாக வேண்டும். அதை ஒரு பத்தியில் தேதியுடன் எழுதுங்கள்: இந்த மாதம் வேலை போனது, இந்தத் தேதியில் அறுவை சிகிச்சை, இவ்வளவு செலவு.

மனுவின் உயிர் சொத்துப் பட்டியலில் இருக்கிறது. மனுத் தள்ளுபடியாவது பெரும்பாலும் பணம் இருந்ததால் அல்ல, பட்டியலில் ஏதோ ஒன்று இல்லாததால். பழைய டி.வி.எஸ். 50, கிராமத்தில் அப்பா பெயரில் இருக்கும் நிலத்தில் உங்கள் பங்கு, 2,000 ரூபாய் கிடக்கும் வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி, இரண்டு ஆடு எல்லாம் எழுதவேண்டும், உத்தேச மதிப்புடன். ஜப்தி செய்யமுடியாததையும் எழுதிவிட்டு, அது விலக்கு என்று பக்கத்தில் குறிக்கலாம். எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பார்கள். நீங்கள் விட்ட ஒரு சர்வே எண்ணை அவர்கள் எடுத்துக் காட்டினால், அதன் மதிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கமாட்டார்கள், மறைத்தீர்கள் என்பதுதான் நிற்கும். மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் வறியவர் ஆவதற்கென்றே சொத்தைக் கைமாற்றியிருந்தால் அதுவே தள்ளுபடிக்குக் காரணம். மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட்டு வா என்று யோசனை சொல்பவரிடமிருந்து தள்ளி இருங்கள். ‘நான் செலவு செய்கிறேன், ஜெயித்தால் நிலத்தில் பாதி’ என்று யாரிடமாவது ஒப்பந்தம் போட்டிருந்தாலும் மனு நிற்காது.

மனுவை நீங்களே நேரில் கொடுக்கவேண்டும் என்பது விதி. முடியாதவர்களுக்கு விலக்கும், விவரம் தெரிந்த பிரதிநிதி மூலம் கொடுக்க வழியும் உண்டு. கோர்ட் உங்களை நேராகக் கேள்வி கேட்கலாம். முதல்கட்ட விசாரணையைக் கோர்ட்டின் தலைமை அலுவலர், அதாவது மாவட்டக் கோர்ட்டுகளில் சிரஸ்தார், நடத்தலாம். பிறகு எதிர்த்தரப்புக்கும் அரசு வழக்கறிஞருக்கும் குறைந்தது பத்து நாள் தெளிவான அவகாசத்துடன் நோட்டீஸ் போகும். விசாரணையில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: வக்கீலுக்கு ஃபீஸ் யார் கொடுத்தது? வீட்டு வாடகை எவ்வளவு, எதிலிருந்து கட்டுகிறீர்கள்? மகளுக்கு எப்போது கல்யாணம் செய்தீர்கள், செலவு எங்கிருந்து வந்தது? கடன் வாங்கினேன் என்றால் கடன் வாங்கினேன் என்று சொல்லுங்கள். ‘தெரியாது’, ‘ஞாபகம் இல்லை’ என்று நழுவினால் சந்தேகம்தான் வளரும்.

அனுமதி கிடைத்தால்

கட்டணமும் பேட்டாவும் இல்லாமல் அப்பீல் நடக்கும். வக்கீல் இல்லாதவருக்குக் கோர்ட்டே ஒருவரை நியமிக்கலாம். ஆனால் கட்டணம் மன்னிக்கப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ஜெயித்தால் கட்டணத்தைக் கணக்கிட்டு, யார் தரவேண்டும் என்று தீர்ப்பாணையில் சொல்வார்கள். வழக்கில் கிடைத்த சொத்தின் மேல் அதுதான் முதல் பொறுப்பு, அதாவது அந்தச் சொத்திலிருந்து முதலில் அதைத்தான் வசூலிப்பார்கள். தோற்றால் நீங்கள்தான் கட்டவேண்டும். தீர்ப்பாணை நகல் மாவட்ட ஆட்சியருக்குப் போகும், நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். சட்டப்பணிகள் குழுவை முதலில் தட்டுங்கள் என்று நான் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அப்பீல் நடக்கிறது என்பதற்காகக் கீழ்க் கோர்ட் தீர்ப்பு நிற்காது. தடையுத்தரவு மனுவைத் தனியாகப் போடவேண்டும். பணம் கட்டச் சொன்ன தீர்ப்பாணை என்றால், கோர்ட் சொல்லும் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் காட்டவோ சொல்வார்கள். வறியவர் அனுமதி இதற்குப் பொருந்தாது. அப்பீல் எண் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது கோர்ட் ஊழியரான அமீனா ஜப்தி வாரண்டுடன் வந்து நிற்பது இதனால்தான்.

நடுவில் நல்ல வேலையோ சொத்தோ கிடைத்தால் அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லி எதிர்த்தரப்பு மனுப் போடலாம். அப்பீல் செய்தவர் இறந்துவிட்டால் அனுமதி தானாக வாரிசுகளுக்குப் போகாது. அவர்கள் தங்கள் நிலைமையைத் தனியாகக் காட்டவேண்டும்.

தள்ளிவிட்டால்

மனுவைத் தள்ளும் அந்த உத்தரவிலேயே, கட்டணத்தைக் கட்ட அவகாசம் தரக் கட்டளை 44-ன் 2-வது விதி கோர்ட்டுக்கு அதிகாரம் தருகிறது. அந்த அவகாசத்துக்குள் கட்டிவிட்டால், முதல் நாளிலேயே கட்டியது போலத்தான் அப்பீல் கருதப்படும், காலக்கெடுப் பிரச்சினை வராது. ஆனால் கேட்காவிட்டால் சிலசமயம் உத்தரவில் அந்த வரி இருக்காது. அதனால் மனுவின் கோரிக்கையிலேயே ‘அனுமதி மறுக்கப்படுமானால் கட்டணம் கட்ட இத்தனை வாரம் அவகாசம் தரவேண்டும்’ என்று மாற்றுக் கோரிக்கையாகச் சேர்க்கச் சொல்லுங்கள். உத்தரவு சொல்லும் நாளில் வக்கீலோ நீங்களோ கோர்ட்டில் இருங்கள். அவகாசம் கிடைத்து, அதற்குள்ளும் பணம் புரளவில்லை என்றால், நீட்டிப்பு மனுவைக் கெடு முடிவதற்குள் போடவேண்டும்.